ஒரே பாயில் இரண்டு குழந்தைகள்

எழுபதுகளின் கடைசியில் என் மகள் பிறந்தபோது கணவர் மஸ்கட்டில் இருந்தார். தருமபுரத்து வீட்டில் நான், மாமியார், குழந்தை மட்டும்தான்.

எதிர்வீட்டிலும் அதே மாதம் ஒரு பையன் பிறந்திருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாமியார் இருவரையும் ஒரே பாயில் கிடத்துவார்.

"அவன் எப்புடி கொழுகொழுன்னு இருக்கான் பாரு. நம்மளுது வெடவெடன்னு கெடக்கு. ஒம் பால்ல சத்தில்ல. நாளைக்கு டின்னப் பிரிச்சிடு."

கணவர் அனுப்பிய பால்பவுடர் டின் அலமாரியில் இருந்தது. பிரித்தால் என் பால் வற்றிவிடுமோ என்று பயம். பிரிக்காவிட்டால் குழந்தை தேறாதோ என்றும் பயம்.

மறுநாள் மீன்காரம்மா அரசலாற்று இறால் கொண்டுவந்தார். ஆண் இறால்களின் நீண்ட நீலக் கால்கள் கூடைக்கு வெளியே தொங்கின.

"காலெல்லாம் ஒடிச்சிட்டு நிறு" என்றார் மாமியார்.

"நாளைக்கு ஓட்டையும் உரிச்சிட்டு நிறுக்கச் சொல்லுவீங்க ஆச்சி!" என்றார் மீன்காரம்மா.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது நான் அளந்தவை இதே வகை இறால்கள். ஆணுக்கு ஒரு பருவத்துக்குமேல் உடம்பை முந்திக்கொண்டு கால் வளரும். பெண்ணுக்கு முட்டை தாங்க வயிறு அகலும். அதனால் தனித்தனித் தட்டில் பிரித்த பிறகே அளப்போம். காலின் நீளத்தையும் அந்தந்த இறாலின் உடம்போடுதான் ஒப்பிடுவோம். பக்கத்து இறாலோடு அல்ல. வீட்டிலோ எதிர்வீட்டுப் பையனை வைத்தே என் மகளை அளந்துகொண்டிருந்தேன். குழந்தை இறால் இல்லையே, படித்ததை வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனோ என்றும் தோன்றியது.

மதியம் குளிப்பாட்டும்போது, பெயர் வைத்த நாளில் போட்ட வெள்ளிக்காப்பைத் திருப்பப் பார்த்தேன். திரும்பவில்லை. அன்று முழங்கைவரை ஏறி விளையாடிய காப்பு. சோப்பு நுரை தடவி மெல்ல உருவினேன். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. இத்தனை நாளும் அவன் கையைப் பார்த்த அளவுக்கு இவள் கையை நான் பார்க்கவில்லை.

டின்னைப் பிரிக்கவில்லை. மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். காப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் காட்டலாமா என்று நின்றேன். 'காப்பு சின்னது' என்று சொல்லிவிடுவாரோ என்று, திரும்பி வந்து குழந்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.