கவிழ்த்து வைத்த கரண்டி

அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் குறிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவள். வேலை முடிந்து மற்றவர்கள் செருப்பை மாட்டும்போது இவள் மட்டும் கட்டிலோரம் நின்று எழுதிக்கொண்டிருப்பாள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், முதுகில் எங்கே சிவந்திருக்கிறது. முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு கைபேசி. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கைபேசியின் குறிப்புச் செயலியில் இருநூற்றுச் சொச்சம் குறிப்புகள் சேர்ந்திருந்தன. அதில் ஒன்றுகூடக் கவிதை கிடையாது.

அவளோடு இரண்டாம் மாடி வீட்டில் இருப்பது அவளுடைய அண்ணி, அதாவது காலமான கணவனின் அக்கா. ஆறு வருஷத்துக்கு முன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போனது. எட்டு மாதம் ஒரு வார்த்தை கிடையாது. அந்த எட்டு மாதமும் அண்ணி இடது கையால் காட்டிய ஒவ்வொரு சாடையையும் குறிப்பக்கா தேதி போட்டு எழுதிவைத்தாள். பிறகு பேச்சு திரும்பியது. விட்டுப்போன எட்டு மாதத்துக்கும் சேர்த்தே திரும்பியது.

அவள் முன்பு வகுப்பெடுத்த பயிற்சி மையம், வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு சின்னக் கைநூல் எழுதித் தரச் சொன்னது. ஆறு அத்தியாயம். ஐந்தை எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்சமிருந்த நாலாவதுதான் உயிர்: பேச முடியாதவர் என்ன சொல்கிறார் என்று எப்படிப் புரிந்துகொள்வது.

“மத்ததெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் கிடைக்கும். இது உங்ககிட்டதான் இருக்கு. வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை கைக்கு வரணும், இல்லன்னா அஞ்சு அத்தியாயத்தோட அச்சுக்குப் போயிடும்” என்று மையத் தலைவி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்யப் போகிறாள் என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளை, சனிக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது அவருக்கு வேலை. கைபேசியில் இருக்கிற குறிப்புகள் கணினியிலும் தெரியும்படி செய்தார். ஒரு குறிப்பின் இணைப்பை நகலெடுத்து, புத்தகம் எழுதும் மென்பொருளில் ஒட்டினார். குறிப்பின் தலைப்பு நீல நிறத்தில் வந்து நின்றது. அதை அழுத்தினால் பக்கத்தில் குறிப்பு முழுசாகத் திறந்தது.

“குறிப்பு இங்க வந்துடுச்சா மாப்பிள்ளை?”

“வரல அத்தை. அது அங்கயேதான் இருக்கு. இது அது இருக்கற இடத்தைக் காட்டுது, அவ்வளவுதான்.”

குறிப்பக்கா கேட்டாள், தலையாட்டினாள். ஆனால் முப்பத்தோரு வருஷப் பழக்கம் இருந்தது கையில், காதில் இல்லை.

புதன்கிழமை நாலாம் அத்தியாயத்துக்கு முப்பத்தெட்டு இணைப்புகளைப் போட்டு முடித்தாள். ஒவ்வொன்றாக ஒட்டியதும், கைபேசியில் அந்தக் குறிப்பை அழித்தாள். வேலை முடிந்த கையுறையைக் கழற்றிப் போடுவது எப்படியோ அப்படி. கடைசியில் அந்தச் செயலியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். தொட்டியை நிறைய விட்டுவிட்டு வேலையை விட்டு எழுந்து போனவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை, அண்ணியைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எழுத உட்கார்ந்தாள். முதல் இணைப்பை அழுத்தினாள். ‘இந்தக் குறிப்பு இல்லை’ என்று வந்தது. இரண்டாவதும் இல்லை. பத்து வரை பார்த்தாள். பிறகு அழுத்துவதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஓடிவந்தார். அரைமணி நேரம் என்னென்னவோ திறந்து பார்த்தார்.

“தொட்டியையும் காலி பண்ணிட்டீங்களா அத்தை?”

“பின்னே, நாறட்டும்னு விட்டுடவா?”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. “போனும் கம்ப்யூட்டரும் ஒண்ணா இருக்கணும்னு நான்தான் செஞ்சு வெச்சேன். அழிச்சதும் ரெண்டு பக்கமும் ஒண்ணா அழிஞ்சிருச்சு. தலைப்பு மட்டும்தான் மிச்சம்.”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“முதல்ல சாப்பிடுங்க. செத்தவங்களையே பார்த்தவ நான், இதுக்கு அழுதுகிட்டு உக்கார மாட்டேன்.”

சாப்பாடு போட்டு அனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகு கொஞ்ச நேரம் அதன் மேலேயே கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த எட்டு மாதத்தை இனி எங்கே போய்த் தேடுவது?

“என்ன, முகம் தொங்கிப் போச்சு?” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“உங்களப் பத்தி எழுதினதெல்லாம் போச்சு அண்ணி. தலைப்புதான் இருக்கு.”

“என்னப் பத்தின்னா நான்தான் இங்க இருக்கேனே. படி, கேப்போம்.”

குறிப்பக்கா கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “ஜனவரி பதினாலு. கண்ணை இறுக்கி மூடினால் வலி.”

“வலியா? நீ திரைய இழுக்காம போயிடுவ. வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். கண்ண மூடாம என்ன பண்றது?”

குறிப்பக்கா அதைத் தட்டச்சு செய்தாள். வலிக்கென்று அன்று மாத்திரை கொடுத்தது நினைவிருந்தது.

“மார்ச் ஒம்பது. கரண்டியைக் கவிழ்த்தால், சாப்பாடு போதும்.”

இது அவள் பெருமையாக வைத்திருந்த குறிப்பு. மூன்று வருஷம் வகுப்பில் இதைத்தான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தாள்.

அண்ணி அவளையே பார்த்தாள். “போதும்னு யாருடி சொன்னா?”

“நீங்கதான் கவுத்து வெச்சீங்க.”

“சூப்புல உப்பே இல்ல. சொல்ல வாய் இல்ல. கரண்டியக் கவுத்தேன். நீ கிண்ணத்தயே தூக்கிட்டுப் போயிட்ட. தினம் இதே கூத்து.”

“டாக்டர்தான் உப்பக் குறைக்கச் சொன்னாரு.”

“குறைக்கச் சொன்னாரு. நீ நிறுத்திட்ட.”

நாலு வரி கீழே இன்னொரு தலைப்பு இருந்தது: ‘மே இரண்டு. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை.’ குறிப்பக்கா அதைச் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. ஆனால் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டாள்.

“இப்ப தெரிஞ்சுதா காரணம்?”

“அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்? அதச் சொல்லுங்க.”

“உப்பு டப்பாவக் கொண்டாந்து காட்டியிருக்கணும். கிண்ணத்தயும் காட்டணும். எது வேணும்னு கை நீட்டியிருப்பேன். ஒரு கைதான் நல்லாருந்துதே!”

அந்த வாக்கியத்தை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அன்றும் மறுநாளும் முப்பத்தெட்டையும் படித்தார்கள். பதினொன்று தப்பு. சில அண்ணிக்கே நினைவில்லை. சிலவற்றுக்கு இருவரும் வேறுவேறு கதை சொல்லிச் சண்டை போட்டார்கள். கடைசித் தலைப்பு இப்படி இருந்தது: ‘ஜூலை ஆறு. கட்டில் கம்பியில் மூன்று தட்டு.’

“இதாவது உனக்குச் சரியாப் புரிஞ்சுது” என்றாள் அண்ணி. “ஒண்ணும் வேணாம், சும்மா வந்து பக்கத்துல உக்காருன்னு தட்டினேன். வந்து உக்காந்த. போன நோண்டிக்கிட்டே உக்காந்த, ஆனா உக்காந்த.”

“நோண்டல அண்ணி. எழுதிக்கிட்டு இருந்தேன்.”

“என்ன எழுதுன?”

“மூணு தட்டுன்னா பயம்னு.”

அண்ணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குறிப்பக்கா எழுந்து, அவள் தோளிலிருந்து நழுவிய துண்டை இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

சனியும் ஞாயிறும் எழுதினாள். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே தான் நினைத்தது, அதற்குக் கீழே அண்ணி சொன்னது. நினைவில்லாத இடத்தில் ‘நினைவில்லை’ என்றே போட்டாள். அத்தியாயத்தின் தலையில் ஒளிக்காமல் எழுதினாள்: ‘அன்றன்று எழுதிய குறிப்புகளை என் தவறால் அழித்துவிட்டேன். தேதியும் தலைப்பும் அன்று எழுதியவை. மீதி, எங்கள் இருவரின் ஆறு வருஷ நினைவு. இதை அச்சிடலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கரண்டியைப் பற்றி என் வகுப்பில் படித்தவர்களுக்கு, நான் சொன்னது தப்பு என்று தெரிவிக்கவும்.’

திங்கட்கிழமை காலை அனுப்பினாள். மத்தியானம் வரை அண்ணி மூன்று தரம் கேட்டுவிட்டாள், போன் வந்துதா என்று. நாலு மணிக்கு வந்தது.

“கரண்டி விஷயத்த நானும்தான் உங்க வகுப்புல எழுதிக்கிட்டேன்” என்றார் தலைவி. “பத்து பேருக்குச் சொல்லியும் குடுத்துட்டேன்.”

குறிப்பக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“அச்சுக்குப் போகுது. ஒண்ணே ஒண்ணு, உங்க பேருக்குப் பக்கத்துல உங்க அண்ணி பேரும் வரணும். அப்புறம், ஒரு நாள் அவங்கள வகுப்புக்குக் கூட்டிட்டு வர முடியுமா? அவங்க வாயால கேக்கணும்.”

குறிப்பக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணி யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். “மத்தியானச் சாப்பாடு உண்டான்னு கேளு. உப்புப் போட்டு.”

அன்றைக்குச் சாயந்திரம் சூப்புக் கிண்ணத்தோடு உப்பு டப்பாவும் மேசைக்கு வந்தது. அண்ணி பாதியில் கரண்டியைக் கவிழ்த்தாள்.

“இது என்ன, உப்பா, போதுமா?”

“போதும்டி.”

குறிப்பக்கா கிண்ணத்தைத் தொடாமல் டப்பாவையும் நகர்த்திக் காட்டினாள். அண்ணி சிரித்துக்கொண்டே கிண்ணத்தைத் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் குறிப்பக்கா கைபேசியை எடுத்து, தேதியைப் போட்டு எழுதினாள்.