பல்லை உடைத்தவள் என்ற பெயர்

"எதால அடிச்சே?"

மூன்றாம் மாடிக்காரி சங்கிலியக்காவிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அடித்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பியவள், தன் நான்கு மாத நாய்க்குட்டியை வாரியெடுத்துக் கொஞ்சும்போது வாயைப் பார்த்திருக்கிறாள். முன்பற்களில் பாதியைக் காணோம். ஈறில் இரத்தம். கடித்து விளையாடக் கொடுத்திருந்த பழைய துண்டிலும் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"சத்தியமா நான் கை வெக்கலை மேடம்."

"அப்ப பல்லு தானா எழுந்து நடந்து போச்சா?"

ஊருக்குக் கிளம்பும்போது, 'நீங்க இருக்கற தைரியத்துலதான் போறேன் அக்கா' என்று சொன்ன அதே வாய்.

தோளில் எந்நேரமும் நாய்ச் சங்கிலிகள் தொங்குவதால் தெருவில் சங்கிலியக்காவுக்கு அந்தப் பெயர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி சுமந்து முதுகு போனபிறகு, அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம் இரண்டு அறைகளும் ஒரு சிமென்ட் முற்றமும் வாடகைக்கு எடுத்து, வெளியூர் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் வளர்ந்த நாய்கள். குட்டி என்று வந்தது இதுதான் முதல். அவளை உத்தமி என்று சொல்ல வரவில்லை. குரல் பெரிது. நாய்களிடமும் எரிந்து விழுவாள். ஆனால் கை ஓங்கியதில்லை. இது பெரிய புகழ்ச்சி இல்லைதான். ஆனால் அவள் தொழிலுக்கு இருந்த ஒரே மூலதனம் அந்த நம்பிக்கை.

அன்று மாலையே கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. குட்டியின் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்து, இரத்தம் தெரிய எடுத்த படம். 'பிள்ளை மாதிரி வளர்த்தேன். பல்லை உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.' கீழே வரிசையாக அழுகை முகங்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோபத்தில் அப்படி ஒரு வசதி இருக்கிறது: விசாரிக்கிற வேலை மிச்சம். வயிற்றுப்போக்கில் கிடந்த தன் நாய்க்கு அவள் மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டியதைக் கண்ணால் பார்த்த முதல் மாடி வாத்தியாரும் ஓர் அழுகை முகம் போட்டார். பள்ளி நேரத்தில் அவளிடம் விட்டுவந்த தன் நாயை மறுநாள் கூட்டிக்கொண்டும் போனார். சாப்பாட்டுக் கிண்ணத்தைக்கூடக் கேட்கவில்லை. மிஞ்சியது காது மந்தமான ஒரு கிழட்டு நாய். அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார்.

தான் அடிக்கவில்லை என்பது சங்கிலியக்காவுக்குத் தெரியும். ஆனால் பல் காற்றில் கரையாதே. வீட்டுச் சாவி இன்னொன்று தம்பியிடம் இருந்தது. பஞ்சர் கடை வைத்திருப்பவன். குட்டி அவன் புதுச் செருப்பின் வாரைக் கடித்துக் குதறியபோது, "இரு, ஒரு நாள் உன் பல்லெல்லாம் பிடுங்கி மாலை கோக்கறேன்" என்று கத்தியிருந்தான்.

அவன் வீட்டுக்கே போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லுடா. குட்டிய நீ அடிச்சியா?"

அவன் பாதித் தட்டில் கை கழுவினான். "நல்லாக் கேட்டேக்கா. அந்தம்மாவாவது வேத்தாள். நீ என்னைத் தூக்கி வளத்தவ."

"செருப்புக்காக வாயைத் தொறந்தவர்தான் அண்ணி, கையை நீட்டறவரு இல்ல," என்றாள் தம்பி மனைவி. அதன்பிறகு இரண்டு பேரும் அவள் பக்கம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, கிழட்டு நாய்க்குக் காது மருந்து வாங்கக் கால்நடை மருத்துவரிடம் போனபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாலு மாசக் குட்டிதானே? பால் பல்லும்மா. விழத்தான் செய்யும். குழந்தைக்கு விழறதில்ல? பாதியத் தின்னுகூடத் தொலைச்சிடும்."

"சிரிக்காதீங்க டாக்டர். என் பொழப்பே விழுந்து கிடக்கு."

நாய்களை வைத்துப் பிழைக்கிறவள், அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆனால் அவள் தன் அறியாமையை எடுத்து யார் தலையிலும் போடவில்லை என்று நான் எழுத வந்தால், தம்பி என்னைச் சும்மா விடமாட்டான்.

நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கதவு பாதி திறந்தது.

"மேடம், அது பால் பல்லாம். டாக்டர் சொன்னாரு."

"ஆமாக்கா, எங்க டாக்டரும் சொன்னாரு. அப்பவே."

"எப்பவே?"

"படம் போட்ட மறுநாள். குழுவுல பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. எதுக்கு மறுபடி கிளறணும்னு விட்டுட்டேன். தப்பா நினைக்காதீங்கக்கா, ஒரு கேக் தரேன், இருங்க."

'அக்கா' திரும்பி வந்துவிட்டது, கேக்கோடு. ஒரு வாரமாகத் தெரிந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்கச் சங்கிலியக்கா காலி முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஊரறிய அடிச்சீங்க. இப்ப கதவிடுக்குல தடவிக் குடுக்கறீங்களா? எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க."

"அங்க போட்டா எல்லாரும் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"ஒரு வாரமா என்னைப் பத்தி நினைச்சாங்களே, அது இனிச்சுதா?"

கதவு மூடிக்கொண்டது. ஆத்திரத்தோடு இறங்கினாள். படியிலேயே தம்பியைக் கூப்பிடப் போனை எடுத்தாள். 'தப்பா நினைச்சுட்டேன்டா' என்று ரகசியமாய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கை நின்றது. அவளும் அவன் மனைவி எதிரில்தானே அவனைக் கேட்டாள்?

பஞ்சர் கடைக்குப் போனாள். தம்பி மனைவி கல்லாவில் இருந்தாள். டயருக்குக் காற்று நிரப்ப ஓர் ஆட்டோக்காரர் நின்றிருந்தார். கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

"தம்பி, நான் கேட்டது தப்புடா."

"காது கேக்கலை."

"நான் கேட்டது தப்பு!"

அவன் போய்க் கம்ப்ரஸரை நிறுத்தினான். "இப்ப சொல்லு."

சொன்னாள். முழுதாக, தெருவுக்குக் கேட்கிற குரலில். ஆட்டோக்காரர் எதற்கோ தலையாட்டினார்.

"குரலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை," என்றான் தம்பி. ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "அந்தம்மா குழுவுல போட்டாங்களா?"

"இல்ல. திரும்பப் போறேன். இப்பதான் கேக்க எனக்கு வாய் இருக்கு."

போனாள். மணியடித்தாள். திறக்காததால் அங்கேயே நின்று, குட்டிகளுக்குப் பல் விழும் கதையை மாடிப்படியில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். இருட்டுமுன் குழுவில் இரண்டு வரி வந்தது: 'நான் சொன்னது தவறு. அது பால் பல்.' அழுகை முகம் போட்ட கூட்டத்தில் நான்கைந்து பேர் கட்டைவிரல் போட்டார்கள். மற்றவர்கள் பார்த்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் நாயோடு வந்தார். மறுநாள் வெளியூர் போகிறாராம். தரையைப் பார்த்தபடியே நாயை நீட்டினார்.

"சாருக்குக் கழுத்துல சுளுக்கா?" என்றாள் சங்கிலியக்கா. "முதல்ல என் முகத்தைப் பாத்துப் பேசுங்க. அப்புறம் நாயைக் குடுங்க."