சுண்ணாம்பு அடித்த பின்சந்து

பக்கத்து வீட்டுக்காரர் தீபாவளிக்காக மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். காலையிலிருந்து அந்த வாடை. உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கு ஆகாது. சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, மலாக்காவில் டவுன் வேலைகளைக் கவனிக்கும் ஓர் ஆபீசில் நான் படம் வரைகிறவன். எஞ்சினியர் துரை பென்சிலால் கிறுக்கித் தருவதை மெழுகுத்துணியில் மையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று பேர். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

அதே ஆபீசில் ஸ்டோர் பார்த்தவர் தங்கராஜு அண்ணன். காஜா பெராங்கில் செட்டிக் கம்போங் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். சாமி நம்ம சாமி, பேர் நம்ம பேர், பேச்சு மட்டும் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வந்து வேரூன்றிவிட்ட குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணி வைக்கும் புளிப்பு மீன் குழம்புக்காக நான் சனிக்கிழமையே பட்டினி கிடப்பேன் என்று கேலி செய்வார்கள். பாதி நிஜம்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், தேவி. ஐந்து வயது. அவளுக்கு முன் பிறந்த பையனை விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கிணற்றுக்கும் வாளிக் கக்கூசுக்கும் பத்தடிகூட இருக்காது. அடைமழை வந்தால் இரண்டும் ஒன்றுதான். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை கிணற்றடியில் விளையாடுகையில் யார் கூடவே நிற்க முடியும்? “கக்கூசுக்குச் சாக்கடைக் குழாய் வந்துட்டா நான் நிம்மதியா தூங்குவேன்” என்பாள் அண்ணி. மலாயில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

குழாய் வருவதாகவும் இருந்தது. கம்போங்கைத் தாண்டி ஒரு காலித் தென்னந்தோப்பு. அதில் படக்கொட்டகையும் கடைவரிசையும் கட்டுகிறேன், சாக்கடைக் குழாய் வாசல்வரை வரவேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டது. கடை வந்தால் டவுன் பெருகும் என்று ஆபீசில் ஒரே குதூகலம். குழாய் எல்லையைத் தோப்புவரை நீட்டுவது என்று முடிவாயிற்று. கம்போங்கின் பின்சந்து வழியாகப் போனால் அத்தனை வீடும் எல்லைக்குள் வரும். பெரிய ரோட்டோடு போனால் ஒரு வீடும் வராது. பின்சந்தை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் துரை.

அப்போதுதான் இந்த அதிமேதாவி வாயைத் திறந்தான்.

“அண்ணே, புதன்கிழமை தொரை வர்றாரு. சந்து சுத்தமா இருக்கட்டும். நாத்தம் அடிச்சா மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுவாரு.”

“வீட்டுக்கு வர்ற விருந்தாளியாச்சே தம்பி. நீ கவலைப்படாதே.”

கம்போங்கே கூடி வேலை செய்தது. வாளி எடுப்பவரைக் கெஞ்சி விடியற்காலையிலேயே வரவழைத்தார்கள். கக்கூஸ் சுவர், கிணற்றுக் கட்டை, சந்தின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு. வீட்டுக்கு வீடு சாம்பிராணி. அண்ணி பலகாரத் தட்டோடு நின்றாள். தேவிக்குப் பட்டுப்பாவாடை. துரை கடைசிவரை கைக்குட்டையை வெளியே எடுக்கவே இல்லை. பலகாரம் இரண்டு தின்றார். நான் பின்னால் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு, என்னமோ என் வீட்டுக் கல்யாணம் மாதிரி பல்லிளித்தபடி நடந்தேன்.

மறுநாள் அவர் எழுதிய குறிப்பு என் மேசைக்கு வந்தது. சந்து மிகவும் சுகாதாரமாக இருக்கிறது, இங்கே குழாய்க்கு அவசரமில்லை, ரோட்டோடு போகலாம்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ‘ஐயா, அது ஒருநாள் சுத்தம், நான் சொல்லித்தான் செய்தார்கள்’ என்று அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவுவரை போனேன். ஆபீஸ் சேதியை வெளியே சொன்னவனுக்கு வேலை இருக்காது என்று திரும்பிவிட்டேன். பேனாவை எடுத்து, கம்போங்கை வெளியே விட்டு, எல்லைக்கோட்டைச் சிவப்பு மையில் போட்டேன். வழக்கம்போல நூல் பிடித்த கோடு. துரை பாராட்டினார்.

ரோட்டைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். கம்பெனிக்காரன் ஒரு பெயர்ப்பலகை நட்டான். அவ்வளவுதான். படக்கொட்டகையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. மூத்திரம் பெய்யக்கூட ஆளில்லாத தோப்புக்குக் குழாய் போய் நின்றது. அடுத்த மழைக்காலத்தில் தேவிக்குக் காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் கிடந்தாள், பன்னிரண்டாம் நாள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் வேலைக்கு வந்த அன்று, என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, “நீ சொன்ன மாதிரியே சுத்தமாத்தானே வெச்சிருந்தோம் தம்பி, இன்னும் என்ன செஞ்சிருக்கணும்?” என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் மைக்கூட்டை மூடினேன், திறந்தேன்.

போகிக்கு அவர்கள் இறந்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். அந்த வருஷம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். பிறகு யுத்தம் வந்தது. அண்ணன் இறந்துபோனார், அடுத்து அண்ணியும் போய்ச் சேர்ந்தாள்.

இன்று காஜா பெராங்கில் எல்லா வீட்டுக்கும் குழாய் இருக்கிறது. அவர்கள் வீடு மட்டும் இப்போது அங்கே இல்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் அந்தப் பையனுக்கும் இலை போட இருந்திருக்க வேண்டியவளே தேவிதான்.