வழி கேட்காமல் தனுஷ்கோடிக்கு

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். வெயிலிலும் பனியிலும் விசில் ஊதி ஊதி, குரலும் கோபமும் சேர்ந்தே பெருத்துவிட்டன. நாற்பது தாண்டியபிறகு என் சம்பளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். கியர் போட்டு ஓட்டுகிற கனத்த வண்டி. வாங்கிய அன்றே முடிவு செய்தேன். தனுஷ்கோடிக்குத் தனியாகப் போய் வர வேண்டும், வழியில் ஒருவரிடமும் வழி கேட்கக் கூடாது.

இதில் முதல் பாதிக்கு என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பாதிதான் அவருக்குப் புரியவில்லை. அவர் ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். வழி தெரியாமல் நிற்பதென்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஊரில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால் போதும், வேலை முடிந்துவிடும்.

"ஏன் டீச்சர், கேட்டா யாரும் சொல்லுவாங்க. அதுக்கொரு டப்பாவ வாங்கி வண்டில கட்டோணுமா?" என்றார். ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் கிண்டலுக்கு அப்படித்தான் கூப்பிடுவார். டப்பா என்று அவர் சொன்னது, நான் வாங்க நினைத்திருந்த வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவியை.

அது ஏன் வேண்டும் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. இந்த வண்டி வாங்குவதற்கு முன், கோடை விடுமுறையில் பழைய ஸ்கூட்டரில் ஒகேனக்கலுக்குக் கிளம்பினேன். வழி காட்ட ஹேண்டில்பாரில் போனை மாட்டியிருந்தேன். மேட்டூர் தாண்டியதும் வெயில் தாங்காமல் போன் அணைந்துவிட்டது. சாலை இரண்டாகப் பிரியும் இடம். பக்கத்து டீக்கடையில் வழி கேட்டேன். வழியைத் தவிர எல்லாம் பேசினார்கள். கடைசியில் ஒருவர், "நான் காட்டறேனுங்க" என்று தன் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வர ஆரம்பித்தார். வேகம் கூட்டினால் கூட்டினார், குறைத்தால் குறைத்தார். நான் ஒரு பெட்ரோல் பங்குக்குள் புகுந்து நின்றேன். அவர் வெளியே நின்றார். அலுத்துப்போய் அவர் போகும்வரை காத்திருந்து, அருவியைப் பார்க்காமலே திரும்பினேன். பயந்ததைவிட, திரும்பி வந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"அவன் ஒருத்தன் அப்பிடி. எல்லாருமா அப்பிடி இருக்கறாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

வாக்குவாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மைதானத்தில் ஓடிக் காட்டினால்தான் பிள்ளைகளுக்கும் புரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை ஜீப்போடு மலையடிவாரத்துக்கு இறங்கச் சொன்னேன். நான் பைக்கில் போனேன். ஒரு டீக்கடைக்குச் சற்றுத் தள்ளி ஜீப்பை நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். நான் கடைக்குமுன் வண்டியை நிறுத்தி, வாழப்பாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"எந்த ஊருங்க?"

"ஏனுங்க, தனியாவா வந்தீங்க? ஊட்டுக்காரர் வரலீங்களா?"

"வண்டி யாருதுங்க? கால் எட்டுதுங்களா?"

"வாழப்பாடில யாரு ஊட்டுக்குங்க?"

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெரியவர் உண்மையான கவலையோடுதான் கேட்டார். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தபிறகுதான் வழி கிடைத்தது. நான் நகர்ந்ததும் வீட்டுக்காரர் ஜீப்பைக் கடைக்கு முன்னால் கொண்டுவந்து, "அண்ணே, வாழப்பாடி?" என்றார். உட்கார்ந்திருந்த ஒருவர் எழக்கூட இல்லை. டீ குடித்தபடியே கையை நீட்டிக் காட்டினார். முடிந்தது.

கொஞ்ச தூரம் தள்ளி அவர் ஜீப்பை நிறுத்தினார். முகம் சுருங்கியிருந்தது. "நாளைக்கே சேலம் போயி அந்த டப்பாவ வாங்கலாம், புள்ள" என்றார். டீச்சர் என்ற கிண்டல் அப்போது வரவில்லை.

சேலத்துக் கடையில் அடுத்த கூத்து. கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது அவரிடம். "சாருக்கு எந்த வண்டிங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். "வண்டி மேடத்துதுங்க. நான் சும்மா கூட வந்தவன்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வாக்கியத்துக்காக அவருடைய பழைய பாவங்களில் பாதியை மன்னித்தேன்.

கடைக்காரர் மேஜையில் மூன்று கருவிகளை வைத்தார். ஒன்று சைக்கிள்காரர்களுக்கானது. தீப்பெட்டியளவுத் திரையில் ஒரு கோடு மட்டும் ஓடியது. என் மூக்குக்கண்ணாடிக்கு அது ஆகாது என்று ஒதுக்கினேன். இன்னொன்று காருக்கானது. பெரிய திரை, சத்தமாகப் பேசும். மூன்றாவது மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்தது. தடித்த ஓரம், வண்டி பேட்டரியிலிருந்தே கரண்டு எடுக்கும். மூன்றிலும் வரைபடம் உள்ளேயே இருந்ததால் சிக்னலுக்காக ஏங்க வேண்டாம்.

எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறவளுக்கு முதல் கேள்வி மழைதான். பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். "ஒரு மக் தண்ணி குடுங்க" என்றேன். குடிக்க என்று நினைத்து டம்ளரில் கொண்டுவந்தார்.

"இது மேல ஊத்துங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். முன்பு என்றால் வீட்டுக்காரர் இந்நேரம் வெளியே போய்ப் போஸ்டர் படித்துக்கொண்டிருப்பார். அன்று டம்ளரை அவரே வாங்கினார். "இதுல மழைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதானுங்க எழுதிருக்குது?" என்று மூன்றாவது கருவியின் மேல் நிதானமாக ஊற்றினார். ஈரக் கையுறையால் தொட்டேன். வரைபடம் நகர்ந்தது, பெரிதானது, சொன்னபடி கேட்டது. கார் கருவியை நனைக்கக் கடைக்காரர் விடவில்லை. அதுவே பதில்தான். ஆனாலும் பெரிய திரை மேல் எனக்கு ஆசை விடவில்லை. இரண்டையும் மலையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்காரர் பின்னால் உட்கார, மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சாலைக்கு நேர் மேலேயே அடுத்த சாலை போகும். கார் கருவி அங்கே குழம்பியது. நாங்கள் கீழே இருக்க, மேல் சாலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, வளைவின் நடுவில் திரும்பிப் போகச் சொன்னது. "ஏனுங்க அம்மணி, இங்க திரும்புனா நேரா பள்ளம்ங்க" என்று அவர் அதனோடு சண்டை போட்டார். மூன்றாவது கருவியின் அம்பும் ஒரு வளைவில் தயங்கத்தான் செய்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு எங்களோடு வந்தது. மேலே பனி இறங்கியபோதும் திரை தெளிவாக இருந்தது. அதையே வாங்கினேன்.

காலாண்டு விடுமுறையில் கிளம்பினேன். அதற்கு முதல் நாள் வீட்டுக்காரர் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். எங்கள் வீட்டை அது ஏதோ காப்பித் தோட்டத்துக்கு நடுவே காட்டியது. வெகுநேரம் நோண்டி, சரியான இடத்தில் புள்ளி வைத்து, 'ஊடு' என்று பெயர் போட்டுச் சேமித்தார். "போற வழி அது பாத்துக்கும். வர்ற வழி இது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

திருச்சி, புதுக்கோட்டை தாண்டிப் போனேன். வேண்டிய இடத்தில் நின்று டீ குடித்தேன். "வழி தெரியுங்களா?" என்று யாராவது கேட்டால், "தெரியும்ங்க" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தேன். அந்த ஒரு சொல்லின் ருசியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சாலை முடிகிற இடம்வரை ஓட்டி, கடல் பார்த்து, வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ராமநாதபுரம் தாண்டி ஒரு முக்குரோட்டில் நிழலுக்கு நிறுத்தியிருந்தேன். ஸ்கூட்டரில் ஒரு இளம்பெண் வந்தாள். எதிரில் டீக்கடை, பெஞ்சு நிறைய ஆட்கள். அதைத் தாண்டி, சாலையைக் கடந்து என்னிடம் வந்து நிறுத்தினாள்.

"அக்கா, தேவகோட்டைக்கு எந்தப் பக்கம்க்கா?"

பெட்ரோல் டேங்க் அளவுக்குப் பெரிய பையைக் காலடியில் வைத்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. எனக்கு வாய் வரை வந்துவிட்டது: தனியாவா போற? கூட யாரும் வரலியா?

அதை அப்படியே விழுங்கினேன். திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் திரும்பி நேராப் போ, கண்ணு" என்றேன்.