கேசட் தேய்ந்த இடம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது தலைகாட்டும். மற்றபடி அவள் தொபீர். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆவியும் சோப்பு வாடையும் கலந்த சலவைப் பிரிவில், எல்லாருக்கும் அவள் தொபீரக்கா. புதிதாக வந்த பெண்கள் அதை ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். விவரம் கேட்டால் பழைய ஆட்கள் ஒரு சினிமாக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் அவசர வேலை ஏதாவது வந்துவிடும்.

அவள் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தபோது நடந்த கதை அது. எண்பதுகளில் சக்கைப்போடு போட்ட, பள்ளிப் பிள்ளைகளின் கலாட்டாப் படம் ஒன்று அவளுடைய பள்ளியில்தான் எடுக்கப்பட்டது. கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று மாணவிகளையே உட்காரவைத்தார்கள். முந்தின வருஷம் படிப்பு முடித்திருந்த அக்காவும் பழைய சீருடையை மாட்டிக்கொண்டு துணைக்கு வந்திருந்தாள்.

குண்டாக ஒரு பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த உதவி இயக்குநர் இவளைப் பார்த்ததும் விரலை நீட்டினார். உணவுக்கூடத்தில் கண்ணாடி டம்ளர்கள் வைத்த தட்டோடு நடந்து போய் ஒரு மேஜையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். வசனம் கிடையாது. ஆனாலும் அவள் முந்தின நாள் சாயங்காலம் முழுக்க வீட்டில் தட்டும் டம்ளருமாகக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பழகினாள். ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. அம்மாவே, "பரவாயில்லையே, நம்ம பொண்ணு தேர்ல போற மாதிரி போகுதே" என்றாள்.

மறுநாள் கேமரா ஓடியபோது அவள் விழுந்தாள். சாதாரணமாக விழவில்லை. டம்ளர்கள் பறந்தன, பாவாடை தொடைக்கு ஏறியது, முகம் தரையில் மோதியது. கூடமே வெடித்துச் சிரித்தது. இயக்குநர் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார். இன்னொரு முறை எடுக்கக்கூட இல்லை. ஓடி வந்து முதலில் தூக்கிவிட்டவள் அக்காதான். "பாத்து நடக்கக் கூடாதாடி?" என்றாள். பாவம், அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயேதான் இவள் பிறகு குடித்தனம் நடத்தினாள்.

தியேட்டருக்கு அவள் போகவில்லை. ஆனால் படம் வீட்டுக்கே வந்தது. கல்யாணமான கையோடு அக்கா வீட்டுக்காரர் ஒரு வீடியோ டெக் வாங்கினார். கூடவே அந்தப் படத்தின் கேசட்டும் வந்தது. விருந்தாளிகள் வந்தால், "எங்க மச்சினி நடிச்சிருக்கா, பாக்கறீங்களா?" என்று போடுவார். அந்த இடம் வந்ததும் அக்கா தரையில் தட்டிச் சிரிப்பாள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" கேசட் கீச்சென்று பின்னால் ஓடும். மறுபடி விழுவாள். மறுபடி பின்னால் ஓடும். இவள் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருப்பாள். போட்டுப் போட்டு அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்துவிட்டது. முதலில் வெள்ளைக் கோடுகள் வந்தன. பிறகு மழை பெய்தது. கடைசியில் படமே தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் வீட்டில் சிரித்தார்கள்.

செவிலியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். "தட்டோட நாலு அடி நடக்கத் தெரியாதவ, நோயாளி பக்கத்துல மருந்துத் தட்டைத் தூக்கிட்டு நடக்கப் போறாளாம்" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்தபோது பயிற்சிக்குப் போகும் தைரியம் போயிருந்தது. வெள்ளை உடுப்போடு எந்த ஆஸ்பத்திரியின் மாடியில் நடக்க வேண்டியவளோ, அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் படுக்கை விரிப்பு துவைக்க வந்தாள். தன் கல்யாணத்தில் மாலையோடு நடக்கும்போதுகூட ஒரு கையால் தோழிப் பெண்ணின் தோளைப் பிடித்திருந்தாள். புருஷன் நல்லவர். டெக்கில் அந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போன ஒரே ஆள் அவர்தான். அவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது வெளியூரில் வேலை பார்க்கும் மகளும், ஞாயிறுதோறும் தவறாமல் வந்துவிடும் அக்காவும்தான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். மேலாளர் இவளைக் கூப்பிட்டு, "நீங்கதாம்மா அடுத்து. ஆனா தினம் மேல வார்டுக்கெல்லாம் போகணும், நர்ஸுங்ககிட்ட பேசணும். யோசிச்சுத் திங்கட்கிழமை சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓய்வு பெற இரண்டே வருஷம் பாக்கி. ஒரு முறையாவது அந்த மாடியில், எல்லாரும் பார்க்க, நிமிர்ந்து நடந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. போனில் அக்காவிடம் சொன்னாள்.

"உனக்கு எதுக்குடி அது? மேல தரையெல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்கும். விழுந்து வெச்சேன்னா யாரு பாக்கறது?"

"யோசிக்கறேன்க்கா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சரிதான் என்று தோன்றியது. மறு நிமிஷமே இல்லை என்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இப்படியே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறன்றுதான் மகள் ஊரிலிருந்து வந்தாள். பையிலிருந்து பளபளவென்று ஒரு டிஸ்க்கை எடுத்தாள்.

"உன் படம்மா! பழைய பிலிமைச் சுத்தம் பண்ணி, கேசட்டுல வெட்டுப்பட்ட ஓரமெல்லாம் சேத்துப் புதுசா விட்டிருக்காங்க. இப்ப எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க."

"குப்பையில போடு அதை."

"ஒரே ஒரு தடவை பாரும்மா. இவ்வளவு வருஷமா எதைப் பாத்துப் பயப்படறேன்னாவது தெரிய வேணாமா? நாளைக்கு அந்த வேலைக்குச் சரின்னு சொல்லணுமில்ல நீ?"

சோபாவில் சாய்ந்திருந்த அக்கா குதூகலமாகிவிட்டாள். "போடு போடு! அந்தக் கேசட் போனதுக்கப்புறம் பாக்கவே இல்ல நான்."

படம் ஓடியது. கதாநாயகன் கதாநாயகியின் பின்னாலேயே சைக்கிளில் சுற்றினான். ஜன்னலில் எட்டிப் பார்த்தான். வாத்தியாரின் நாற்காலியில் பசை தடவினான்.

"இதுக்கா விழுந்து விழுந்து சிரிச்சீங்க?" என்றாள் மகள். "இப்பன்னா இவனைப் பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்க."

"அந்தக் காலத்துல இதெல்லாம் விளையாட்டுடி" என்றாள் பெரியம்மாக்காரி.

பிறகு அந்த உணவுக்கூடம் வந்தது.

வெள்ளைக் கோடு இல்லை, மழை இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி போல எல்லாம் தெரிந்தது. தட்டோடு ஒரு பெண் வந்தாள். தன்னைத்தான் பார்க்கிறோம் என்பதே இவளுக்கு முதலில் உறைக்கவில்லை. எவ்வளவு நிமிர்ந்து வருகிறாள்! டம்ளர்கள் இம்மியும் அசையவில்லை. அவ்வளவு குண்டாகக்கூட இல்லை. இந்தக் குழந்தையையா இத்தனை காலம் திட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது இடதுபக்க பெஞ்சின் அடியிலிருந்து ஒரு கால் நீண்டது. வெள்ளை கான்வாஸ் ஷூ போட்ட கால். அந்தப் பெண் தடுக்கி விழுந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டது.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, பாத்தியா? தடுக்கி விட்டிருக்காங்க!" ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினாள்.

"போதும், மேல ஓட்டு" என்றாள் அக்கா.

"இருங்க பெரியம்மா."

"கண்ணு வலிக்குதுடி. மேல ஓட்டுன்னா ஓட்டேன்!"

"இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று தரையில் தட்டியவளின் குரல்தான் அது. மகள் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நிறுத்தினாள். கால் நீண்டிருந்தது. காலுக்கு மேலே, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக, ரெட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள் அக்கா.

மகளுக்கு முகம் செத்துவிட்டது.

"நீயாக்கா?" என்றாள் அவள்.

"அந்த அசிஸ்டன்ட் ஆளுதான் சொன்னான்." அக்கா டீ டம்ளரையே பார்த்துப் பேசினாள். "உன்கிட்ட முன்னாடியே சொன்னா நீ நடிச்சிடுவ, நல்லா வராதுன்னான். கால் நீட்டினா முன் வரிசையில உக்கார வெக்கறேன்னான். முகம் தெரியும்னான். எனக்கு மட்டும் என்னடி வயசு அப்ப?"

"சரி. அப்ப சின்னப் பொண்ணு. அதுக்கப்புறம்?"

"அப்புறம் எப்படிச் சொல்றது? நீ பேசாம போயிடுவியோன்னு…"

"எனக்குத் தட்டோட நடக்கத் தெரியாதுன்னு சொன்னியே, அப்ப உன் கால் உனக்கு ஞாபகம் வரலையா?"

அக்கா டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எல்லாரும் நீ தடுமாறி விழுந்தேன்னே பேசினாங்க. நீயும் அப்படியே நம்பிட்ட. சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பிட்டேன்டி. சத்தியமா, இப்ப திரையில பாத்தப்பதான் கால் நீட்டினதே திரும்ப ஞாபகம் வந்துச்சு."

"அப்படீன்னா சிரிச்சப்ப எல்லாம்…"

"நீ நெஜமாவே தடுமாறுவேன்னு நெனச்சுத்தான் சிரிச்சேன். போதுமா?" அக்காவுக்கு இப்போது கோபம் வந்தது. எழுந்து செருப்பைத் தேடினாள். "ஒரு கால் நீட்டினதுக்கு என்னமோ கொலை பண்ணின மாதிரி விசாரிக்கறீங்க. அந்த ஒரு சீனாலதான் படமே ஓடுச்சு. ஊரே உன்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கு. என் முகத்தை எவனாவது பாத்தானா?"

கதவு சாத்திக்கொண்டது. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். மறந்தே போயிருந்தாள் என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. தங்கச்சியின் ஒரு பிறவியையே கவிழ்த்துவிட்டு, கவிழ்த்தவளுக்கு அது நினைவில்கூட இல்லை! அவள் மகளின் மடியில் தலை வைத்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "நாளைக்குச் சரின்னு சொல்லிடறேன்" என்றாள். மகள் அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு, லிப்ட் இருந்தும் படியேறியே போனாள். வார்டு வராந்தாவின் நடுவில், எந்தச் சுவரையும் பிடிக்காமல், நிமிர்ந்து நடந்தாள். தரை வழுக்கத்தான் செய்தது. அவள் விழவில்லை. எதிரே மருந்துத் தட்டோடு வந்த ஒரு நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டாள்.

"சார், அந்த வேலை எனக்கு வேணும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, சனிக்கிழமையே உங்க அக்கா போன் பண்ணிட்டாங்களே? உங்களால முடியாது, நேர்ல சொல்லக் கூச்சப்படறீங்கன்னு சொன்னாங்க. நான் வேற ஒருத்தங்களுக்கு உத்தரவு போட்டு அனுப்பிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே சார்?"

"லீவு வேணும்னாகூட அவங்கதானேம்மா எனக்குப் போன் பண்ணுவாங்க? உங்களுக்கு எப்பவும் அவங்கதானே பேசுவாங்க?" அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டினார். "தண்ணி குடிக்கறீங்களா?"

வராந்தாவில் நின்று அக்காவைப் போனில் பிடித்தாள். "சனிக்கிழமை பேசினியா?"

"உனக்காகத்தான்டி பேசினேன். நீ தவிச்சிட்டிருந்தே, பாக்கப் பாவமா இருந்துச்சு. இன்னும் நேத்துக் கோபம்தானா உனக்கு?"

"ரெண்டு வருஷமாவது அந்த மாடியில நடந்திருப்பேன்க்கா நான்."

"அதத்தான் நானும் சொல்றேன். ரெண்டே ரெண்டு வருஷத்துக்கு எதுக்குடி அவ்வளவு தொல்லை?"

சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. இந்த ஜென்மத்தில் ஒன்றுகூட அந்தக் காதில் ஏறாது என்று அந்த நிமிஷம் புரிந்துபோயிற்று. போனை அணைத்தாள்.

கீழே, விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் சூட்டு உருளையில் வேலை தொடங்கியிருந்தது. ஈர விரிப்புகள் குவிந்து கிடந்தன. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஜோடியாக நின்று மடிக்கும் பெண், சேலையைப் பார்த்துவிட்டு ஆவலாக ஓடி வந்தாள்.

"தொபீரக்கா, மேல என்னாச்சு? வேலை உங்களுக்குத்தானே?"

அவள் விரிப்பின் ஒரு முனையை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"வேணாம்னு நான் சொல்லிட்டேனாம்" என்றாள்.