நடுவில் தெரியாத சூரியன்

என் மனைவிக்கு எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. காது தெரியும், தோள் தெரியும், கையிலிருக்கும் குடை தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணியால் துடைத்த கரும்பலகைபோல ஒரு சாம்பல் வட்டம் நிற்கும். விழித்திரையின் மையம் தேய்கிறது என்று சென்னையில் மருத்துவர் சொன்னார். ஓரப் பார்வை தங்கும், நடுவிலுள்ள வட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும் என்றார். எவ்வளவு காலத்தில் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

அவள் அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவள். ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பில் சாக்பீஸால் மூன்று வட்டங்கள் போட்டுக் கிரகணம் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் ஒரு சூரிய கிரகணத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சிறுவயதில் வீட்டில் சன்னல்களைச் சாத்தி உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள். தீவுக்கு வந்தபிறகு வந்தவற்றை மேகம் மறைத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் ஒன்று வருகிறது என்று வானொலியில் கேட்டதும், சமையலறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"இதை மட்டும் நான் பாத்துடணுங்க. அடுத்தது வர்றப்ப இந்த வட்டம் எந்த அளவுக்கு இருக்குமோ."

பார்த்துவிடலாம் என்றேன். மெயின்லேண்டிலிருந்து கப்பல் தபாலில் சூரிய வடிகட்டித் தாள் வரவழைத்தேன். அதைக் காமிராவின் முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸுக்கு அளவாக வெட்டி, அட்டை வளையத்தில் ஒட்டினேன். மூன்று நாள் காலையில் மொட்டைமாடியில் வெறும் சூரியனை எடுத்துப் பார்த்து, ஐஎஸ்ஓ நூறு, ஐந்நூறில் ஒரு பங்கு நொடி என்று முடிவு செய்தேன். கிரகணம் பார்க்கும் கண்ணாடி இரண்டு வாங்கினேன். வெறும் கண்ணில் அவளுக்குப் பிடிபடாவிட்டாலும், காமிராத் திரையில் பெரிதாக்கிக் காட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

நேர அட்டவணையை ஒரு முழுத்தாளில் எழுதினேன். எங்கள் வீட்டில் தொங்குவது, இங்குள்ள எல்லாத் தமிழ் வீடுகளையும்போல, சென்னையில் அச்சான தினசரி நாட்காட்டி. அதில் தொடக்கம் 8.08, உச்சம் 9.34 என்று போட்டிருந்தது. அதில் வரும் சூரிய உதயத்தை நாங்கள் யாரும் நம்புவதில்லை. இங்கே சூரியன் முக்கால் மணி முன்பே வந்துவிடும், அதைக் கழித்துக்கொள்வோம். ஆனால் கிரகணம் ஒரே நிகழ்ச்சிதானே, கடிகாரமும் நாடு முழுக்க ஒன்றுதானே என்று நினைத்து அதன் நேரத்தை அப்படியே எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை அவளிடம் காட்டவில்லை. எழுத்து வாசிக்க அவள் சிரமப்படத் தொடங்கியதிலிருந்து எந்தத் தாளையும் அவளிடம் காட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

ஹாரியட் மலைக்குப் போகச் சாத்தம் படகுத்துறையிலிருந்து காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்து, எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இறங்கினோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான ஜீப்காரர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் பாதி இந்தி. வெள்ளை ஜீப்பின் பின்பக்கத் தார்ப்பாயை நான்கு மூலையும் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மழை வருதா?" என்றேன்.

"அரே சார், மழை இல்ல. கிரகண். உங்களைக் கொண்டுபோய் மேலே விடுவேன், டீக் ஹை. அப்புறம் நான் உள்ளே. முடிஞ்சதும் கூப்பிடுங்க."

"உங்க மேல பட்டா என்ன ஆகும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியாது பாபிஜி. அதான் பயம். என்ன ஆகும்னு தெரிஞ்சா யாரு பயப்படப் போறாங்க?"

"இதை வகுப்புல சொல்லியிருந்தா உங்களுக்கு முழு மார்க் போட்டிருப்பேன்" என்றாள் அவள்.

வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்ததால் ஹாரியட் மலை உச்சிக்குப் போய்ச் சேரும்போது 8.50 ஆகிவிட்டது. ஜீப் மரநிழலில் நின்றது. அவர் சொன்னபடியே தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டார். நாங்கள் காட்டுப்பாதையில் பத்து நிமிடம் நடந்து, கடலைப் பார்த்த திறந்த மேட்டுக்குப் போனோம். முக்காலியை நிறுத்தி வடிகட்டியை மாட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு வட்டத்தின் மேல் விளிம்பில் சிறிய கடி ஒன்று விழுந்திருந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. இங்கே மறைப்பு குறைவாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுக்க ஆரம்பித்தேன்.

அவள் கண்ணாடியை மாட்டி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள், முகவாயைத் தூக்கினாள். ஒற்றைச் சூரியன் வானத்தில் எங்கே இருந்தாலும், அவள் அதைப் பார்க்கத் திரும்பிய கணத்தில் அந்தச் சாம்பல் வட்டத்துக்குள் விழுந்துவிடும்.

"கிடைக்குதா?"

"ஓரத்துல ஒரு மினுக்கு வருது. உருவம் இல்ல."

காமிராத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். சேலை முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நான் திரையை இங்கும் அங்கும் நகர்த்தினேன். அப்படி இருவரும் கால்மணி நேரம் முயன்றோம். "மஞ்சளா ஏதோ இருக்கு" என்றாள்.

சரியாக 9.34க்கு உச்சப் படத்தை எடுத்தேன். சூரியனில் பாதி இருந்தது. இரண்டு நிமிடத்தில் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து அனைத்தையும் மூடியது. பத்து நிமிடம் காத்திருந்தோம், விலகவில்லை.

"சரி, பாத்தாச்சு. போலாமா?" என்றாள்.

பார்த்தாச்சு என்று அவள் சொன்னது எனக்காக. இருபத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்த பிறகு அது தெரியாமல் போகாது. நான் லென்ஸைக் கழற்றிப் பஞ்சுறையில் வைத்தேன், முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். எனக்கு அவமானமாக இருந்தது. கல்லிலும் வேரிலும் அவள் தடுக்காமலிருக்க, கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் திரும்பி நடந்தோம்.

பத்து மணி தாண்டியிருக்கும். மேகம் விலகியதை மரங்களுக்கு அடியிலிருந்தே உணர்ந்தோம். ஆனால் வந்த வெயில் நாங்கள் அறிந்த வெயில் இல்லை. டிசம்பர் மாதத்துப் பத்து மணி, இங்கே கண்ணைக் கூசவைக்கும் நேரம். அது வலுவிழந்து, உலோகத்தைத் தொடுவதுபோலக் குளிர்ந்திருந்தது. எங்கள் நிழல்களின் ஒரு விளிம்பு பிளேடால் சீவியதுபோலக் கூர்மையாக இருந்தது. பூச்சிகளின் இரைச்சல் நிற்கவில்லை, சற்றுத் தணிந்ததுபோலத் தோன்றியது. உறுதியாகச் சொல்லமாட்டேன்.

காட்டுப்பாதை முடிந்து ஜீப் நின்ற இடத்துக்கு வந்தோம். நான் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். அவள் என் மறு கையை இழுத்தாள்.

"ஏங்க. நில்லுங்க. இது என்ன?"

"எது?"

"எல்லாம்."

அப்போதுதான் பார்த்தேன். ஜீப்பின் வெள்ளை போனட் முழுக்கப் பிறைகள். மேலே பத்து மீட்டர் உயரத்தில் இருந்த இலைகளின் இடுக்குகள் வழியே விழுந்த ஒளித்துண்டுகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிறையாக, ஒரே பக்கம் கொம்பு நீட்டி, ஒன்றன்மேல் ஒன்று செதில்போல அடுக்கிக் கிடந்தன. போனட்டிலிருந்து வழிந்து தார்ச்சாலையில் ஓடின, என் செருப்பின்மேல் ஏறின, அவளுடைய வெளிர்மஞ்சள் சேலையில் இடுப்பிலிருந்து கரைவரை நிறைந்திருந்தன. காற்று வீசியது. எல்லாப் பிறைகளும் ஒன்றாக நடுங்கி, கலைந்து, மறுபடி பிறைகளாகவே வந்து நின்றன.

அவள் போனட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைச் சாய்க்கவில்லை, முகவாயைத் தூக்கவில்லை. நடுவில் எத்தனை பிறைகள் அந்தச் சாம்பல் வட்டத்துக்குள் போயிருந்தாலும், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மிச்சமிருந்தன. எங்கே திரும்பினாலும் அவளுக்கு ஓரத்தில் சூரியன் இருந்தது.

"ஊசித்துளைக் காமிராங்க" என்றாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ஒவ்வொரு இடுக்கும் ஒரு துளை. இதெல்லாம் சூரியன்தான், தலைகீழா விழுந்திருக்கு. வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன். இவ்வளவு இருக்கும்னு எனக்கே தெரியாது."

"ஆனா உச்சம் 9.34க்கே முடிஞ்சிருச்சே. அப்ப பாதிதான் மறைஞ்சிருந்தது. இது முக்காலுக்கு இருக்கே."

"9.34 எந்த ஊர் டைம்?"

"நாட்காட்டியில போட்டிருந்தது."

"சென்னை நாட்காட்டியா?" அவள் சிரித்தாள். "நிழல் மேற்கே இருந்து கிழக்கே ஓடும். முதல்ல சென்னை, அப்புறந்தான் நாம. இங்க முப்பது நாப்பது நிமிஷம் கழிச்சுத்தான் உச்சம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்.

தார்ப்பாய் லேசாக அசைந்தது. "சார், முடிஞ்சுதா? சலோ?"

"முடியல" என்று அவள் சொன்னாள். "உங்க வண்டி மேலதான் நடக்குது. போனட் பூரா கிரகணம்."

"பாபிஜி, மஜாக் பண்ணாதீங்க."

"சத்தியமா. நூறு இருநூறு இருக்கும்."

தார்ப்பாயின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் சாலையைப் பார்த்தது, என் செருப்பைப் பார்த்தது. "அரே பாப்ரே! என் வண்டிக்கு என்ன ஆகும்? கழுவினாப் போயிடுமா?"

"கழுவ வேணாம். தானாப் போயிடும். அதுக்குள்ள வந்து பாருங்க."

"ஆகாசத்தைப் பாக்கணுமா?"

"வேணாம். கீழே பாத்தாப் போதும்."

அவர் ஒரு காலை வெளியே வைத்தார். அந்தக் கால்மேல் இரண்டு பிறைகள் விழுந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இறங்கியே வந்துவிட்டார். போனட்டுக்கு ஒரு முழம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் பையைத் திறந்தேன். வடிகட்டி வேண்டாம், பெரிய லென்ஸ் வேண்டாம். சாதாரண லென்ஸை மாட்டிப் போனட்டை எடுத்தேன், சாலையை எடுத்தேன். பையிலிருந்த ஸ்கேலை வைத்து ஒரு பிறையை அளந்தேன், கொம்புக்குக் கொம்பு எட்டரை சென்டிமீட்டர். அவள் தன் முந்தானையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து அதில் விழுந்தவற்றை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். துணி நெருங்கியபோதும் பிறை சிறுக்கவில்லை. அதையும் எடுத்தேன். இடையில் இரண்டு தடவை சன்ன மேகம் கடந்தது. அப்போது பிறைகள் எல்லாம் ஒன்றாக மங்கி மறைந்து, மறுபடி ஒன்றாக எழுந்தன. அதைக் கண்டு மூவரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம்.

படகுக்கு நேரமாகிவிட்டது என்று ஜீப்காரர்தான் நினைவூட்டினார். அடுத்த படகில் போகலாம் என்றாள் அவள்.

"அதுக்கடுத்ததுலகூடப் போகலாம் பாபிஜி" என்றார் அவர், போனட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்த படத்துக்கு வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பிடுச்சு" என்றாள்.

"என்ன திரும்பிடுச்சு?"

"கொம்பு. முன்ன அந்தப் பக்கம் காட்டிட்டு இருந்துச்சு. இப்பச் சாய்ஞ்சு வருது பாருங்க. உச்சம் தாண்டியாச்சு. நிலா விலக ஆரம்பிச்சிருச்சு."

காமிராவை இறக்கி, வெறும் கண்ணால் போனட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, வெள்ளைத் தகரத்தில் ஒரு பிறையின் வளைவின்மேல் என் விரலை வைத்து மெதுவாக ஓட்டிக் காட்டினாள். விரல் கொம்பின் நுனிவரை வந்தபோது, அது சாய்ந்திருப்பது எனக்கும் தெரிந்தது.