சுவரைப் பார்த்த ஜேர்சிகள்

ஒஷாவாவிலிருந்து வந்த ரயிலில், தொழில்முறை விளையாட்டின் ஆரம்ப காலத்தைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அப்போது சில நகரங்களில் ஃபுட்போல் அணிக்கும் ஹொக்கி அணிக்கும் ஒரே பட்டப்பெயர் இருந்திருக்கிறது. பெயரெடுத்த அணியின் பெயரோடு ரசிகர்களும் வந்துவிடுவார்கள் அல்லவா? எங்கள் ஊர்ச்சங்கத்து ஃபுட்போல் அணி ‘பருந்துகள்’. நான் தொடங்கும் ஹொக்கி அணியும் ஏன் பருந்துகளாகக் கூடாது?

இறங்கியதும் நேரே ஸ்கார்பரோவில் ஜேர்சி அச்சடிக்கும் அன்ரியிடம் ஓடினேன். அவருக்குக் கண்ணாடி நெற்றியில், அளவுநாடா கழுத்தில். அச்சடித்த ஒவ்வொரு அணியின் ஜேர்சியிலும் ஒன்றைச் சுவரில் கொழுவிவைப்பது அவர் வழக்கம். சில ஜேர்சிகள் மட்டும் சுவரைப் பார்த்தபடி தொங்கின.

“உதுகள் ஏன் அன்ரி திரும்பி நிக்குது?”

“உடைஞ்ச ரீமுகள், தம்பி. சரி, பேரைச் சொல்லும்.”

சொன்னேன். அவருடைய பேனை நின்றது.

“ஃபுட்போல்காரரைக் கேட்டனீரோ?”

“ஏன் கேக்கவேணும்? எல்லாரும் எங்கடை ஆக்கள்தானே!”

திரும்பி நின்ற இரண்டு ஜேர்சிகளை அன்ரி புரட்டிக் காட்டினார். ஒன்று கிரிக்கெட், மற்றது வொலிபோல். இரண்டிலும் ஒரே பெயர்.

“உவையும் உப்பிடித்தான் சொன்னவை. பேருக்கு அடிபட்டு, இப்ப உவையின்ரை சங்கமே ரெண்டாப் போச்சு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஃபுட்போல் ஜேர்சியை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதை எந்தப் பக்கமாகக் கொழுவினாரோ, தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஃபுட்போல் பயிற்சிக்குப் போய், அந்தப் பெயரை நாங்களும் வைக்கலாமா என்று அணித்தலைவரிடம் கேட்கப் போகிறேன்.